இறால் சங்கத்தின் இரண்டாம் நாள் கூட்டம்

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தேன். முதலாளி, பழவேற்காட்டு ஏரி இறாலை வாங்கி ஐஸில் வைத்து மெட்ராஸ் துறைமுகத்துக்கு அனுப்புகிறவர். ஊரில் எல்லோருக்கும் அவர் நைனா. ஏரியின் இரு கரைகளிலும் இருந்த இறால் வியாபாரிகளைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்து, அதற்குத் தலைவராகவும் இருந்தார். எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வரும் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்.

ஜப்பானுக்குச் சரக்கு போகத் தொடங்கியதும் சங்கத்தின் பெயருக்கு முன்னால் ‘சர்வதேச’ என்ற சொல் ஏறியது. வெளிநாட்டு உறுப்பினர்கள் என்று இருந்தது இரண்டே பேர். ஒருவர் மெட்ராஸில் தங்கி இறால் வாங்கி அனுப்பும் ஜப்பானியர், அதிகம் பேசாதவர். இன்னொருவர் இலங்கையின் நீர்கொழும்பில் கருவாடும் காய்ந்த இறாலும் விற்கும் சிங்களப் பெண்மணி. கணவர் இறந்த பிறகு வியாபாரத்தைத் தானே நடத்தி வந்தவர். அந்தக் கரையில் தமிழும் புழங்கும் என்பதால், நிதானமாகப் பேசினால் தமிழ் அவருக்குப் புரியும்.

இருவரும் வந்திருந்த முதல் ஆண்டுக் கூட்டம், பேக்டரியை ஒட்டிய கொட்டகையில் இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் முக்கியமான விஷயம் ஒன்றுதான். இறாலைத் தலையோடு எடை போடுவதா, தலையைக் கிள்ளிவிட்டுப் போடுவதா? எல்லா நாட்டு உறுப்பினர்களுக்கும் ஒரே வழக்கம் வேண்டும் என்றார் நைனா. அவருடைய விருப்பம் தலையோடு. தமிழும் தெலுங்கும் கலந்து, சிரிப்பு காட்டி, வேகமாகப் பேசினார். அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் நான் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொன்னேன். ஜப்பானியர் ஒவ்வொரு முறையும் ‘ஹாய்’, அதாவது அவர்கள் மொழியில் ‘ஆமாம்’, என்று தலையசைத்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று நைனா அறிவிக்க, கொட்டகையே கை தட்டியது.

மாலை, மெட்ராஸ் போய்விட்டு மறுநாள் காலை திரும்பவிருந்த ஜப்பானியரை ரயிலேற்ற ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டிக்காக நிற்கும்போது, தயங்கித் தயங்கி, தனக்கு அந்தத் தீர்மானத்தில் சம்மதம் இல்லை என்றார். ‘ஹாய்’ என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அர்த்தமாம். சபையில் எழுந்து மறுப்பது அவருக்குப் பழக்கமில்லை.

நேராக நைனா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நீர்கொழும்புப் பெண்மணி அங்கேதான் தங்கியிருந்தார், அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மூணு தபா கேட்டேன்யா. மூணு தபாவும் தலைய ஆட்டிக்கினு இருந்தாரு. இப்ப இல்லன்னா இன்னா அர்த்தம்? பேஜாரா கீது!” என்றார் நைனா.

“நாளைக்கு முதல்ல நான் கதைக்கிறேன்” என்றார் அந்தப் பெண்மணி.

மறுநாள் காலை கூட்டத்தில் அவர் எழுந்து நின்று சிங்களத்தில் பேசத் தொடங்கினார். நீளமாகப் பேசினார். நடுநடுவே ஏதோ வேடிக்கை சொன்னது போல அவரே சிரித்துக்கொண்டார். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “இன்னா சொல்லுது அந்தம்மா?” என்று என் தோளைத் தட்டினார் நைனா. எனக்கும் தெரியவில்லை. கடைசியில் அந்தப் பெண்மணி கையை உயர்த்திக் காட்டி, எங்களையும் உயர்த்தச் சொன்னார். மரியாதைக்குப் பாதிப் பேர் தூக்கினார்கள். நைனாவும் தூக்கினார்.

“நன்றி” என்றார் அவர் தமிழில். “அடுத்த கூட்டம் எங்கட ஊர்ல, போக்குவரத்துச் செலவு முழுக்க நைனாவோடது என்டு இப்ப முடிவாச்சு.”

யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை.

“நேத்து முழுக்க இவருக்கு இப்பிடித்தான் இருந்தது” என்று ஜப்பானியரைக் காட்டினார். “எனக்கும் பாதி விளங்க இல்லை.”

அப்போது பின்வரிசையிலிருந்து ஆந்திர எல்லையிலுள்ள தடா பக்கத்துத் தெலுங்கு வியாபாரி ஒருவர் எழுந்தார். ஆரம்பத்திலிருந்தே உறுப்பினர். அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. “எங்க ஆளுங்களுக்கும் அப்டிதான் நைனா. மேடையில பாதி தெலுகு, பாதி உங்க அரவத் தமிழ். எதுக்குக் கை தூக்குறோம்னே தெரியாம தூக்கிக்கினு கீறோம்” என்றார்.

நைனாவின் முகம் இறுகியது. அந்நியர் சொன்னதைவிட, தன் பேச்சில் பாதி தெலுங்கு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு இதுதான் உறைத்திருக்க வேண்டும். வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வந்தார். வந்ததும், “நேத்து போட்டது கேன்சல். முதல்லேர்ந்து பேசலாம். ஒவ்வொருத்தரா, மெதுவா” என்றார்.

ஜப்பானியர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வார். நான் தமிழில் சொல்வேன். தடா வியாபாரி அதைத் தெலுங்கில் சொல்வார். கப்பல் ஜப்பான் போய்ச் சேரும்போது இறாலின் தலைதான் முதலில் கறுக்கிறது, தலை கறுத்தால் தன் ஊரில் மொத்தச் சரக்கையும் கழித்துவிடுகிறார்கள் என்று ஜப்பானியர் விளக்கினார்.

“இத்த நேத்தே சொல்லியிருக்கலாமே” என்றார் நைனா.

“விருந்துக்கு வந்தவர் கறியில உப்பில்லை என்டு சொல்லுவாரோ?” என்றார் நீர்கொழும்புப் பெண்மணி.

கப்பலேறும் சரக்குக்குத் தலை கிள்ளி எடை, உள்ளூர்ச் சரக்குக்கு அவரவர் வழக்கம் என்று முடிவானது. எந்தத் தீர்மானமும் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என மூன்று மொழியில் சொல்லப்பட்ட மறுநாள்தான் கை தூக்கலுக்கு வரும் என்றும் எழுதிக்கொண்டோம். கூட்டங்கள் நீண்டன. பொறுமை இல்லாத சிலர் விலகினார்கள். ஏரிக்கு அக்கரையிலிருந்து, தெலுங்குப் பக்கத்திலிருந்து, புதிதாகச் சிலர் வந்தார்கள்.

அடுத்த ஆண்டு, மூன்று மொழியிலும் கேட்டு முடிவு செய்தே, நீர்கொழும்பில் கூடினோம். ராமேஸ்வரத்தில் கப்பலேறி நைனாவும் நானும் போனோம். அந்த ஊர்க்காரர்கள் நிறையப் பேர் சேர்ந்திருந்தார்கள். அந்தப் பெண்மணியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நைனா அவரை எதிர்த்துத்தான் கை தூக்கினார். சாயங்காலம் அந்தப் பெண்மணி வீட்டில் சாப்பிடும்போது, குழம்பில் காரம் தாங்கவில்லை என்று நைனா எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தம்மா உள்ளே திரும்பி, தயிர் கொண்டுவரச் சொன்னார்.