ஏரி கொண்டுபோன தோட்டம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்து குடியேறியபோது ஸ்காபரோ ரொறன்ரோவோடு சேர்ந்தும் சேராமலும் இருந்த ஒரு தனி ஊர். அதை நிர்வகித்த சபையை எல்லோரும் 'பறோ' என்றுதான் சொல்வார்கள். பறோ பனி அள்ளவில்லை, பறோ குப்பை எடுக்கவில்லை என்று எங்கள் தெருச்சனம் திட்டும்போது, ஊரில் பட்டினசபையைத் திட்டுகிறவர்களின் ஞாபகம்தான் எனக்கு வரும்.

எங்கள் தெரு ஏரியைப் பார்த்தபடி போகும். ஒரு பக்கத்து வீடுகளின் பின்தோட்டங்கள் முடிகிற இடத்தில் நிலமும் முடிந்துவிடும். அதற்குக் கீழே வெளிறிய களிமண் செங்குத்தாக இறங்கும். அடியில் ஒன்ராறியோ ஏரி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து வந்த ஆண்கள் தங்கள் கையாலேயே கட்டிய சின்னச் சின்ன வீடுகள். அப்படியொன்றின் மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு அருகிலிருந்த தொழிற்சாலையில் வரைபடம் கீறும் வேலை.

கீழே இருந்தவர் வீட்டுக்காரி. எழுபதைத் தாண்டியவர், பிள்ளைகள் இல்லை. அவருடைய கணவர் வீடு வீடாகப் பாணும் கேக்கும் விற்கும் வண்டி ஓட்டியவர்; நாங்கள் வருவதற்குக் கொஞ்சக் காலம் முந்தித்தான் இறந்திருந்தார். வந்த கிழமை நான் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, தோட்டத்துக் கோடியில் இருந்த, ஊதாப் பூப் பூக்கும் லைலக் செடியைக் காட்டி, "என் கணவர் அங்கேதான் இருக்கிறார்" என்றார். எனக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னார்: அவரை எரித்த சாம்பலை அந்தச் செடியின் அடியில் மண்ணோடு கலந்து புதைத்திருக்கிறாராம்.

ஈர உடுப்பை அப்படியே வாளியில் போட்டுவிட்டு மேலே ஓடினேன்.

"சாம்பலை வளவுக்குள்ளேயே வைச்சிருக்கிறா. நாங்கள் இதுக்குள்ள என்னண்டு சாமிக்கு விளக்குக் கொளுத்துறது?" என்று கணவரிடம் கேட்டேன்.

"அது அவையின்ர முறை. நீர் பேசாமல் இரும்" என்றார் அவர்.

நாள் போகப்போகப் பழகிவிட்டது. அந்தத் தெருவில் பழகாமல் இருக்கவும் முடியாது. மாரிக் குளிர் தொடங்கியதும் வெறுங்காணி ஒன்றுக்குக் குழாயால் தண்ணீர் அடித்து, அதை உறையவிட்டுச் சறுக்குத் திடல் செய்வார்கள். முன்வீட்டில் இருந்த மனிதர் முன்பு ஸ்ட்ரீட்கார் என்கிற ட்ராம் வண்டி ஓட்டியவர். அவர்தான் அதற்குத் தலைவர். மூக்கு நுனி சிவந்து, கையுறை உறைந்து போய், தண்ணீர் அடித்தபடி நிற்பார். ஜூன் மாதத்தில் தேவாலயத்து நிலவறையில் ஸ்ட்ரோபெரி விருந்து. எங்களையும் அழைத்தார்கள். நான் சேலையோடு போய் ஒரு மூலையில் இருந்தேன். ஸ்ட்ரீட்கார்க்காரரின் மனைவி தட்டில் கேக்கை வைத்து, அதன் தலையில் கிறீமைக் குவித்து, "நன்றாகச் சாப்பிடு, நீ மிகவும் மெலிவு" என்றார். ஊரில் ஒரு மாமி சொல்வதுபோலவே இருந்தது.

இரண்டாவது மாரியில் தந்தி வந்தது. யாழ்ப்பாணத்தில் என் அப்பா இறந்துவிட்டார். போக வழியில்லை. போயிருந்தாலும் நான் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருக்கும்.

செய்தி தெருவுக்கு எப்படிப் போனதோ தெரியாது. பின்னேரம் தொடங்கி ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். துணியால் மூடிய ஒரு சட்டியை நீட்டுவார்கள், "வருந்துகிறோம்" என்பார்கள், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலோடு திரும்பிவிடுவார்கள். எங்கள் செத்தவீடுகளில் பெண்கள் கட்டிப்பிடித்துக் குழறி அழுவதைக் கண்டு வளர்ந்தவள் நான். குசினி மேசையில் வரிசையாக இருந்த சட்டிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் அழுகை வந்தது.

"ஒருதரும் இருந்து அழயில்லை. சாப்பாட்டைத் தந்திட்டுப் போகினம்" என்றேன்.

"அவைக்கு அதுதான் தெரியும்" என்றார் கணவர்.

அடுத்தநாள் அவர் வேலைக்குப் போனபிறகு வீட்டுக்காரி மேலே வந்தார். கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். நான் அழுதேன், அவர் தடுக்கவில்லை. மத்தியானம் போனது. கடைசியில், "உன் அப்பாவை எங்கே வைத்தார்கள்?" என்று கேட்டார்.

எரித்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவருடைய முகம் மாறியது. "கடலிலா? பிறகு நீ அவரைப் பார்க்க எங்கே போவாய்?"

அப்படி ஒரு கேள்வியை அதற்குமுன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவர் என் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகும்போது மண்மேட்டில் கொஞ்சம் சரியும். வேலியை உள்ளே தள்ளி நடுவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் சரிவு கூடிக்கொண்டே போனது. ஒரு மாரியின் கடைசியில் பறோவிலிருந்து ஒரு இளம் பொறியியலாளர் வந்தார். ரப்பர் பூட்ஸோடு தோட்டத்தில் நடந்து பார்த்துவிட்டுக் குசினியில் இருந்து தேநீர் குடித்தார். பாவம், சொல்லத் தெரியாமல் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். "அம்மா, நீங்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது" என்றார்.

"என் கணவர் இங்கே இருக்கிறார்" என்றார் வீட்டுக்காரி.

பொறியியலாளர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். யாரும் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை.

ஸ்ட்ரீட்கார்க்காரர் ஒரு யோசனை சொன்னார். சாம்பலைத் தோண்டி எடுத்து முன்வளவில் வைக்கலாம் என்றார். முடியாது என்று வீட்டுக்காரி தலையை ஆட்டினார். பெட்டியில் வைத்திருந்தால் எடுக்கலாம்; மண்ணோடு கலந்ததை எப்படிப் பிரிப்பது? என் கணவர்தான், செடியை வேரோடும் அடிமண்ணோடும் சேர்த்து அகழ்ந்து எடுக்கலாம் என்றார். அதற்கு வீட்டுக்காரி சம்மதித்தார். நிலத்தின் உறைவு இளகட்டும் என்று காத்திருந்தோம்.

உறைவு இளகியபோது மழை வந்தது. ஒரு கிழமையாக விடாத மழை. அது விட்ட ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெரிய சத்தமெல்லாம் இல்லை. லொறியிலிருந்து மணல் பறித்துக் கொட்டுகிறதுபோல ஒரு சத்தம். யன்னலால் பார்த்தேன். உடுப்புக் காயப்போடும் கொடி இல்லை. லைலக் செடி இல்லை. அந்த இடத்தில் ஏரி தெரிந்தது.

கீழே ஓடினோம். வீட்டுக்காரி பின்கதவைத் திறந்து படியில் கால் வைத்திருந்தார். கணவர் பாய்ந்து அவருடைய தோளைப் பிடித்தார். முன்வீட்டு மனிதரும் நித்திரை உடுப்போடு ஓடிவந்தார். எல்லோருமாக அவரைக் குசினிக்குள் கொண்டுவந்து இருத்தினோம். அவர் அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு எதையாவது சொல்லவேண்டும் என்று இருந்தது எனக்கு. "எங்கள் ஊரில் எல்லோரையும் தண்ணீரில்தான் கரைப்போம். தண்ணீரில் சேர்ந்தால் நல்ல கதி என்று சொல்வார்கள்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டியர், அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். இவ்வளவு காலம் ஏரிக்கரையில் இருந்தும் கணுக்காலுக்கு மேலே நனைத்ததில்லை. நீந்தவே தெரியாது."

அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினார். நானும் கூட இருந்து அழுதேன்.

இரண்டு நாள் கழித்துத் தன்னைக் கீழே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். பள்ளத்தாக்கு வழியாக ஒரு சுற்றுப்பாதை இருந்தது. என் கணவர் ஒரு கையையும் ஸ்ட்ரீட்கார்க்காரர் மறு கையையும் பிடித்துக்கொள்ள, மெல்ல மெல்ல இறங்கினார். நான் பின்னால் போனேன். விழுந்த களிமண் குவியலாகக் கிடந்தது. அதன் ஓரத்தை அலை கரைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நெடுந்தூரத்துக்குக் கலங்கி மண்ணிறமாக இருந்தது. செடி மொட்டுகளோடு குப்புறக் கிடந்தது. கணவர் அதை எடுக்கக் குனிந்தார். "வேண்டாம், விடு" என்றார் வீட்டுக்காரி. தன் கணவரின் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொன்னார், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல. பிறகு, "சரி, போகலாம்" என்றார்.

பறோ அந்த வீட்டை இடிக்க முடிவுசெய்தது. தெருவே திரண்டு வந்து சாமான்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியது. தேவாலயத்து நிலவறையில் பிரியாவிடை விருந்து நடந்தது. நான் வடை சுட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஜூனிலும் எல்லோரும் இங்கே கூடவேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த ஜூனில் கூடினோம். அதற்கடுத்த ஜூனில் அரைவாசிப் பேர்தான் வந்தார்கள். அதற்குள் இன்னும் சில வீடுகள் இடிக்கப்பட்டிருந்தன. பிறகு யாரும் கூப்பிடவில்லை.

வீட்டுக்காரி முதியோர் கட்டடம் ஒன்றுக்குப் போனார். ஏரி தெரியாத பக்கத்தில் அறை வேண்டும் என்று கேட்டு வாங்கினாராம். நாங்கள் ஏரியைவிட்டுத் தள்ளி, டோர்செட் பார்க் என்கிற பகுதியில் ஒரு அப்பார்ட்மென்ட் எடுத்தோம். இரண்டொரு தடவை அவரைப் போய்ப் பார்த்தேன். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது அந்தப் போய்வருதலும் நின்றுவிட்டது. அவன் பிறந்த மாரியில் ஸ்ட்ரீட்கார்க்காரர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்காரி நித்திரையிலேயே போய்விட்டாராம்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது என்னை அடக்க முடியவில்லை, வாய்விட்டுக் குழறினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்ட்ரீட்கார்க்காரரின் மனைவி வந்து கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு, நான் அழுது முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். கனடாவின் மேற்கு மாகாணம் ஒன்றிலிருந்து வந்த தம்பி மகள் ஒருத்திதான் வீட்டுக்காரிக்குச் சொந்தம். சாம்பலைத் தன்னோடு கொண்டுபோகப் போவதாகச் சொன்னாள். அவளுடைய ஊரின் பெயரை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் உரிமை இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கணவர் பிள்ளையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார். பிறகு, "இனி அவவைப் பார்க்கப் போக எங்களுக்கு ஒரு இடமும் இல்லை, என்ன?" என்றார்.

"ஓம்" என்றேன். பிள்ளை பசியில் சிணுங்கத் தொடங்கியிருந்தான்.