ஆறு நொடி ஊத வேண்டும்

எனக்குக் குரல் பெரிசு. கீழே நின்று நான் ஒரு அட்டெண்டரைக் கூப்பிட்டால் மாடியில் இருப்பவரும் சேர்ந்து இறங்கி வருவார் என்று கேலி செய்வார்கள். அதனால்தான், நான் நர்ஸாக இருக்கும் அரியலூர் மருத்துவமனைக்கு மூச்சுப் பரிசோதனை மெஷின் வந்தபோது யோசிக்காமல் அதை என் தலையில் கட்டினார்கள். நோயாளி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயை உதட்டால் கவ்விக்கொண்டு, ஒரே மூச்சில் குறைந்தது ஆறு நொடி ஊதித் தள்ள வேண்டும். நாம் பக்கத்தில் நின்று "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று விரட்ட வேண்டும். பாதியில் விட்டால் திரையில் ஓடும் கோடும் பாதியில் நின்றுவிடும். அதை வைத்து டாக்டர் எதையும் சொல்ல முடியாது.

ஆண்கள் ஊதிவிடுவார்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்கள், ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையிலிருந்து வருகிறவர்கள், எல்லாரும் பந்தயத்துக்கு நிற்பது போல ஊதுவார்கள். பெண்கள்தான் என் உயிரை எடுத்தார்கள். மக்காச்சோளம் அடித்து முடிக்கிற சமயம், அந்தத் தூசியில் அரும்பாவூர்ப் பக்கமிருந்து இருமிக்கொண்டே வருவார்கள். இரண்டு நொடி ஊதிவிட்டு, காலை இடுக்கிக்கொண்டு நிறுத்திவிடுவார்கள். நான் தொண்டை கிழியக் கத்துவேன். அப்புறம் ரிஜிஸ்டரில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி அனுப்பிவிடுவேன். அப்படி எழுதும்போது ஒரு திருப்திகூட இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்படித்தான் ஒரு நாள் ஒரு அக்கா வந்தார். வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்து ஊர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆறு மாதமாக இருமல். சளி டெஸ்டில் ஒன்றும் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். ஆனால் டி.பி. என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பிள்ளைகளின் தாய்மார்கள் போய்ச் சத்தம் போட, சமையல் கூடத்துக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"டி.பி. இல்லைன்னு நான் எழுதித் தரேம்மா. ஆனா நீங்க இருமிக்கிட்டே போய் நின்னா யாரு நம்புவா? என்ன வியாதின்னு தெரிஞ்சாத்தானே மருந்து குடுக்க முடியும். போய் ஊதிட்டு வாங்க" என்று டாக்டர் அவரை என்னிடம் அனுப்பினார்.

முதல் முறை ஆறு தடவை ஊத வைத்தேன். ஆறும் பாதியில் நின்றது. "இவ்ளோ பெரிய சோத்துக் குண்டானை எறக்குறீங்க, ஒரு குழாயை ஊத முடியலியாக்கா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, வழக்கமாக எழுதுவதை எழுதினேன்.

அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. எனக்கு அது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. ஊத வைத்தேன். மறுபடியும் இரண்டு நொடி. வெளியே பெஞ்சில் இருந்த ஆண்கள் எல்லாரும் திரைச்சீலை இடுக்கு வழியாக எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊதாம போனா இந்தத் தடவையும் ரிப்போர்ட் வராது. உங்க வேலை போனா எனக்கா நஷ்டம்?" என்றேன்.

"தெரியும் சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எப்படி ஊதுவது என்று காட்டும்போது நான் எப்போதும் கன்னத்தை உப்பி ஒப்புக்குத்தான் காட்டுவேன். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு புதுக் குழாயை எடுத்து, "இந்தா பாருங்க, இப்படி" என்று மூச்சை முழுக்க இழுத்து, அடிவயிற்றிலிருந்து ஊதினேன். மூன்றாவது நொடியில் எனக்குச் சிறுநீர் கசிந்து நனைந்துவிட்டது.

இரண்டு பிள்ளை பெற்றவள் நான். தும்மினால், பெரம்பலூர் பஸ்ஸுக்கு ஓடினால் இப்படி ஆகும் என்று எனக்கு ரொம்ப நாளாகவே தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. ஊதுவதை நிறுத்திக் காலை இடுக்கிக்கொண்டு நின்றேன். அந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"உங்களுக்குமா சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

பதினெட்டு வருடமாக நர்ஸ் என்று பெயர். என் உடம்பில் இருப்பதே எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அறைந்த மாதிரி இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்ததில் இருவருக்கும் இன்னும் கொஞ்சம் ஆபத்தாகி, நான் போய் வெளியே இருந்தவர்களை எல்லாம் மருந்து கொடுக்கும் இடத்துப் பெஞ்சுக்கு விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"மூணாவது புள்ளைக்கப்புறம் இருந்தே இப்படித்தான். இருமுனாலே போயிடும். அதான் நேத்து ராத்திரிலேருந்து தண்ணியே குடிக்கல. அப்பவும் பயமா இருக்கு. ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க, எந்திரிக்கும்போது பின்னால தெரிஞ்சா என்னா பண்றது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்லக்கா."

"நீங்கதான் சத்தம் போட்டுக்கிட்டே இருந்தீங்களே."

ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தேன். பிரசவ வார்டிலிருந்து நாப்கின் இரண்டு வாங்கி வந்து, ஒன்றை அவருக்குக் கொடுத்துப் பாத்ரூமுக்கு அனுப்பினேன். மற்றது எனக்கு. திரும்பி வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்கில் கிளிப்பை மாட்டினேன். "போனா போவுது, ஊதுங்கக்கா" என்றேன், கத்தாமல். ஊதினார். கோடு ஏறியது, இறங்கியது, நிற்காமல் ஓடியது. ஏழு நொடி. இன்னும் இரண்டு தடவை ஊத வைத்தேன். மூன்றும் ஒன்று போலவே வந்தன.

பிறகு இன்ஹேலர் மருந்தை உறிஞ்ச வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னேன். இந்த முறை கோடு நன்றாக உயர்ந்துவிட்டது. சுருங்கியிருந்த மூச்சுக்குழாய் மருந்துக்கு விரிந்து கொடுக்கிறது என்று அர்த்தம். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஆஸ்துமாதாம்மா. வீசிங்னு சொல்றோமே, அது. யாருக்கும் ஒட்டாது. மருந்தை ஒழுங்கா இழுத்தா அடங்கிடும்" என்றார். அதை அப்படியே சான்றிதழாகவும் எழுதிக் கொடுத்தார். அந்த அக்கா அதை இரண்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். இன்ஹேலர் பழகிவிடுமா என்று மட்டும் கேட்டார். பழகாது என்றேன்.

மருந்தை எப்படி இழுப்பது என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை காட்டினேன். சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கும் பயிற்சியை மகப்பேறு பிரிவில் ஒருத்தி சொல்லித் தருவாள். அவரை அனுப்புகிற சாக்கில் நானும் போய்க் கற்றுக்கொண்டேன். அன்று மதியம் ரிஜிஸ்டரைப் பின்னால் புரட்டி, 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்த பெண்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தேன். சிலர் எடுத்தார்கள். சிலர் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டார்கள். விடாமல் மறுபடி போட்டேன். இப்போது பெண்களுக்குக் காலையில் தனி நேரம். கதவு சாத்தியிருக்கும், மேசை இழுப்பறையில் நாப்கின் இருக்கும். ஊதுவதற்கு முன்னால் அதைப் பற்றி நானாகவே பேச்சை எடுத்துவிடுவேன்.

ஒன்றரை மாதம் கழித்து அந்த அக்காவை மறு பரிசோதனைக்குக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பத்துக்கும் வரவில்லை, பன்னிரண்டுக்கும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. மறுபடி மூச்சு வாங்கிப் படுத்துவிட்டாரோ, மருந்தைத்தான் நிறுத்திவிட்டாரோ என்று எனக்குக் கவலை. மூன்றரை மணிக்கு மெஷினை மூடி, உறையை மாட்டிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார். இருமல் இல்லை. ஆளைப் பார்த்ததும் எனக்குப் பழைய புத்தி வந்துவிட்டது.

"பத்து மணிக்கு வரச் சொன்னா இப்பவா வருவீங்க?"

"புள்ளைங்களுக்குச் சோறு போட்டு முடிச்சு, குண்டானைக் கழுவிக் கவுத்துட்டு வர நேரமாயிட்டு சிஸ்டர்" என்றார்.

நான் உறையைக் கழற்றினேன்.