நாலு விரற்கடை இடம்

மீட்டரம்மாவின் கழுத்தில் எந்நேரமும் வோல்ட் மீட்டர் தொங்கும். வண்டிக் கோளாறு விஷயத்தில் அவர் யார் பேச்சையும் நம்பமாட்டார். மீட்டர் சொன்னால்தான் நம்புவார். பன்னிரண்டு வருடம் பேட்டரிக் கடையில் ஆசிட் ஊற்றியவர். உடுத்தும் துணியெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. செத்துப்போன பேட்டரிகளைப் பார்த்துப் பார்த்து, ‘இதுங்களக் கொல்றது யாரு?’ என்று தேடக் கிளம்பியவர், கடைசியில் தெருமுனையில் தனக்கென்று ஒரு பட்டறையே போட்டுவிட்டார். பெண்பிள்ளையிடம் வண்டியைக் கொடுப்பதா என்று மூக்கைச் சுளித்தவர்களே பிறகு வரிசையில் நின்றார்கள்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நீல வேன் தண்ணி காட்டியது.

ஒரே மாதத்தில் நான்காம் முறையாக வந்து நின்றது. பேட்டரி கொதித்து மூடியோரம் ஆசிட் கசிந்திருந்தது. முன்விளக்கு பல்பு இரண்டும் போயிருந்தன.

“ஏம்மா, மூணு ரெகுலேட்டர் மாத்தியாச்சு” என்றார் ஓட்டுநர். “ஸ்கூல் விடுறதுக்குள்ள வண்டி வேணும். மறுபடியும் இப்படி ஆச்சுன்னா எங்க ஸ்டாண்டு வண்டி பதினொண்ணும் வேற இடம் பாத்துக்கும்.”

அந்தப் பதினொன்றும் போனால் பட்டறையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். “வாங்கண்ணே, ரெடியா இருக்கும்” என்று மட்டும் சொல்லி அனுப்பினார் மீட்டரம்மா.

கணவர் புது ரெகுலேட்டர் பெட்டியை நீட்டினார். அவர் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்.

“வேணாம். காரணம் தெரியாம இனி ஒரு போல்ட்டுகூட முடுக்க மாட்டேன்.”

“கடைக்காரன் டூப்ளிகேட் குடுத்துட்டான்னு சொல்லிடேன். ஊரே நம்பும்.”

“ஊரு நம்பும். பேட்டரி நம்பணுமேங்க!”

கணவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து இன்ஜினை ஓடவிட்டார். இன்ஜின் வேகம் ஏற ஏற ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை அள்ளிக் கொட்டப் பார்க்கும். பதினான்கரை வோல்ட்டைத் தாண்டாமல் அதை அடக்கி வைப்பது ரெகுலேட்டரின் வேலை. பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார். பதினைந்து புள்ளி ஒன்பது. பேட்டரி வெந்துபோக அது போதும்.

மீட்டரின் கறுப்பு வயரை மட்டும் எடுத்து ரெகுலேட்டரின் உடம்பில் வைத்தார். பதினான்கு புள்ளி இரண்டு.

ரெகுலேட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. தன் உடம்பு வண்டித் தகட்டைத் தொடுவதை வைத்துத்தான் அது வோல்ட்டை அளக்கும். அந்தத் தொடுப்பு சரியில்லை. குறைவாக இருக்கிறது என்று நினைத்து அது மேலும் மேலும் ஏற்றிவிட்டிருக்கிறது. ஒரு வயரால் ரெகுலேட்டரின் உடம்பையும் பேட்டரியின் மைனஸையும் இணைத்தார். அந்த நொடியே பேட்டரியிலும் பதினான்கு புள்ளி இரண்டு வந்துவிட்டது.

இன்ஜினை நிறுத்தச் சொல்லி ரெகுலேட்டரைக் கழற்றினார். அடியில் இருந்த வண்டித் தகட்டில் வழவழவென்று நீலப் பெயின்ட்.

ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்து, எட்டு மாதம் பிரஷ்ஷைத் தொடாமல் கிடந்தவர் கணவர். எழுந்து வந்து முதலில் அடித்த வண்டி இதுதான். கண்ணுக்குத் தெரியாத இடம்தான் முதலில் துருப்பிடிக்கும் என்று ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, அடியிலும் இரண்டு கோட்டிங் அடித்திருந்தார். ரெகுலேட்டர் மாற்றிய மூன்று தடவையும் மீட்டரம்மா அந்த நீலத்தைப் பார்த்தவர்தான். மூன்று தடவையும், ‘மனுஷன் என்ன சுத்தமா அடிச்சிருக்கார்!’ என்று பூரித்துப்போனார். புதிதாக முடுக்கிய போல்ட் பெயின்ட்டைக் கீறிக்கொண்டு கொஞ்சம் தொடும். நாலு நாள் குலுக்கலில் அதுவும் விட்டுப்போகும்.

அவரிடம் சொல்லாமல் இதைச் சரிசெய்ய முடியாது.

“ஏங்க, இங்க வாங்க. உங்க பெயின்ட்டுதாங்க தடுக்குது. சுரண்டணும்.”

அவர் முகம் வாடிவிட்டது. தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு, “தள்ளு” என்று மனைவி கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார். நாலு விரற்கடை இடம், வெறும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினார். அதிலும் ஓரம் பிசகவில்லை.

“துருப்பிடிக்குமே!”

“மாட்டினப்புறம் சுத்தி கிரீஸ் தடவிக்கலாம்.”

பழைய ரெகுலேட்டரையே மாட்டினார்கள். பல்புகளைப் புதிதாகப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, விளக்கு, வைப்பர், ஹாரன் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். மீட்டர் பதினான்கிலேயே நின்றது.

ஓட்டுநர் வந்ததும் கேட்டார். “டூப்ளிகேட் சாமான்தானேம்மா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“இல்லண்ணே. சாமான் நல்ல சாமான். அடியில இருந்த பெயின்ட்ட மூணு தடவ பாத்தும் கோட்டை விட்டது நான்தான்.”

“அடிச்சது நான்” என்றார் கணவர் பின்னாலிருந்து.

ஓட்டுநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மீட்டரையும் பார்த்தார். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, “அடுத்த வாரம் இன்னொரு வண்டிக்குப் பெயின்ட் அடிக்கணும். அவருதானே அடிப்பாரு?” என்றார்.

“அவரேதான்” என்றார் மீட்டரம்மா. “நாலு விரற்கடை மட்டும் எனக்கு விட்டுட்டு.”