அறிவுமதியின் முதல் திருத்தம்

வேல்விழியிடம் ஒரு வேலையைக் கொடுத்து 'சரி' என்று சொல்ல வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். இருங்காட்டுக்கோட்டையில் அவள் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இது எல்லோருக்கும் தெரியும். டெஸ்டிங் பிரிவில் ஒன்பது வருடம். சால்டரிங் மயிரிழை விலகியிருந்தாலும் போர்டைத் திருப்பி அனுப்பிவிடுவாள். சூப்பர்வைசர் கண்ணப்பன் கெஞ்சிப் பார்ப்பார், கோபித்துப் பார்ப்பார், கடைசியில் டீ குடிக்கப் போய்விடுவார். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து குன்றத்தூரில் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருப்பவளுக்கு அந்தக் கறார்தான் சொத்து. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது, சம்பளமில்லாத வேலை. ஒரு கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு வேறொரு பிராசஸரைப் போலவே நடிக்கும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். போர்டு கைக்கு வருமுன்பே அதற்கான புரோகிராமை இதில் ஓட்டிப் பார்த்துவிடலாம். உலகமெங்குமிருந்து ஆட்கள் இலவசமாக எழுதிக் கொடுத்து வளர்க்கும் அப்படியொரு எமுலேட்டருக்கு, பிறர் அனுப்பும் திருத்தங்களைப் படித்துப் பார்த்து, சேர்க்கலாமா கூடாதா என்று சொல்பவர்களில் அவளும் ஒருத்தி. அங்கே பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில். எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி.

மார்ச் மாதத்தில் அறிவுமதி என்பவரிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. கணினியின் நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஓர் எண்ணை அதில் எழுதும்போது அது பாதி ஒரு பக்கத்திலும் மீதி அடுத்த பக்கத்திலுமாக விழுந்தால், சில சமயம் எமுலேட்டர் மொத்தமாகச் செத்து விழுந்துகொண்டிருந்தது. எழுதுமுன் இரண்டு பக்கங்களும் இருக்கின்றனவா என்று சோதித்துவிட வேண்டும் என்றது அந்தத் திருத்தம். ஆறே வரி.

பெயரைப் பார்த்ததுமே நம்மாள் என்று வேல்விழிக்குத் தெரிந்துவிட்டது. உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் நம்மாள் என்று சலுகை காட்டினாள் என ஒருத்தர் வாயிலும் விழுந்துவிடக் கூடாதே! வேறு யாராவது அனுப்பியிருந்தால் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சேர்த்திருப்பாள். இவருக்கென்று கூடுதலாக ஒரு குறை தேடினாள். தேடினால் கிடைக்காமலா போகும்? 'முதல் பக்கத்தைச் சோதித்தால் போதும். இரண்டாவது சோதனை வீண்; வேகம் குறையும்' என்று எழுதினாள். தமிழில் ஒரு வணக்கம்கூட வைக்கவில்லை.

மூன்றாம் நாளே அவர் மாற்றி அனுப்பினார். 'மன்னிக்கவும், தவறு என்னுடையது' என்று ஒரு வரி. தொழிற்சாலையில் புது லைன் தொடங்கிய நேரம். ஓவர்டைம் கழுத்தை நெரித்தது. வேல்விழி அதை ஒரு மாதம் தொடவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்து வந்து, மாற்றி அனுப்பியதை ஓட்டினாள். எமுலேட்டர் செத்து விழுந்தது. அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. 'அனுப்புமுன் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தீர்களா? மற்றவர்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்' என்று எழுதிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

மறுநாள் காலை அதே இடத்தில், அறிவுமதியின் பெயரிலேயே பதில் வந்திருந்தது. தமிழில்.

'ஐயா வணக்கம். நான் டில்லிபாபு. அறிவு என் தம்பி. வல்லக்கோட்டை பக்கம் எங்க வூடு. போன மாசம் கம்பெனியிலேந்து வூட்டுக்கு வரசொல்ல ஒரகடம் ரோட்ல லாரி மோதி பூட்டான். அவன் செல்போன நாங்க இன்னும் ஆஃப் பண்ணல. உங்க லெட்டர் வந்துச்சு. பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சிட்டு, ஏதோ கோவமா எழுதிகீறாங்கன்னு சொல்லிச்சு. அங்க ஒருத்தர் நம்ப தமிழ்க்காரர்னு அவன் சொல்லிகினு இருந்தான், அதான் தமிழ்ல எழுதறேன். அவன் எதுனா தப்பு பண்ணிட்டுப் போயிட்டானா? இன்னான்னு சொல்லுங்க. நாங்க சரி பண்ணித் தர்றோம்.'

வேல்விழி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வல்லக்கோட்டை! அவள் போன ஆடிக் கிருத்திகைக்கு முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்த ஊர்.

கொஞ்ச நேரம் கழித்து, அறிவுமதி முதலில் அனுப்பிய ஆறு வரியை எடுத்து ஓட்டினாள். வேண்டுமென்றே அடுத்த பக்கம் இல்லாதபடி செய்து ஓட்டினாள். பத்து தடவை ஓட்டியும் எமுலேட்டர் விழவில்லை. அவள் வீண் என்று சொன்ன சோதனைதான் அதைக் காப்பாற்றியது. அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். கெடுத்தது இவள், கெடுத்துவிட்டு, இல்லாத மனிதரைத் திட்டியும் இருக்கிறாள். அழுகை பீறிட்டு வந்தது.

அதற்குள் அங்கே யாரோ, 'இது என்ன மொழி? படிக்கத் தெரிந்தவர்கள் சொல்ல முடியுமா?' என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்தி மட்டும்தான். சுருக்கமாக, ஆள் இறந்துவிட்டார் என்று மட்டும் சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் டில்லிபாபு எழுதியதை ஒரு வரி விடாமல் ஆங்கிலத்தில் எழுதினாள். 'தப்பு பண்ணிட்டானா' என்ற கேள்வியையும் விடவில்லை. அதன் கீழே, தவறு தன்னுடையது, முதல் திருத்தம்தான் சரி, அதையே அவர் பெயரில் சேர்க்க வேண்டும் என்று எழுதினாள். சாயங்காலத்துக்குள் சேர்த்துவிட்டார்கள்.

டில்லிபாபுவுக்குப் பதில் எழுத நான்கு தடவை உட்கார்ந்தாள். முடியவில்லை. 'நேரில் வருகிறேன்' என்று மட்டும் எழுதி வழி கேட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறு இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினாள்.

டில்லிபாபு வாசலுக்கு வந்தார். "நீங்களா மேடம்? நாங்க யாரோ பெரியவருன்னு நெனச்சிகினு இருந்தோம்" என்று சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே அறிவுமதியின் அம்மா தாயாரம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்க மேடம், அவன் இன்னா தப்பு பண்ணான்?"

"அவரு ஒரு தப்பும் பண்ணல அண்ணே. முதல்லயே சரியாத்தாம் செஞ்சு அனுப்பியிருந்தாரு. நான்தாம் தப்புன்னு சொல்லி மாத்த வச்சேன். கோவமா எழுதுனதும் நான்தாம். என்னை மன்னிச்சிருங்க." செல்போனில் அறிவுமதியின் பெயர் இருந்த இடத்தைக் காட்டினாள். "இனிமே இது உலகம் பூரா இருக்கும்."

டில்லிபாபு போனை வாங்கித் தம்பி பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். அம்மாவிடமும் காட்டினார். தாயாரம்மாள் அதைப் பார்த்துவிட்டு வேல்விழியைப் பார்த்தாள். அந்த அம்மாள் முகத்தில் கோபம் இல்லை.

"உன் மொத லெட்டர் வந்த அன்னிக்கு அவன் சோறே துன்னல கண்ணு. எனக்கு இந்த வேலை வராதும்மான்னு சொன்னான். அப்போ, அவன் செஞ்சது சரின்னு அவனுக்குத் தெரியாமலே பூட்டானா?"

வேல்விழி ஆமாம் என்று தலையாட்டினாள்.