கெளுத்தி முள்

திண்டிவனம் மீன் மார்க்கெட்டில் மரக்காணத்து வண்டிகள் இறக்கும் மீனை ஆய்ந்து கொடுப்பது சவுரியம்மாளின் வேலை. புருஷன் மாசிலாமணிக்கு விழுப்புரம் ஸ்டேஷனில் கரி அள்ளும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து போவான். மகள் ராஜாமணி அப்போது தவழும் குழந்தை.

ஒருநாள் கெளுத்தி முள் விரலில் ஏறியது. சுண்ணாம்பு வைத்ததும் ஆறியது. ஒரு மாதம் போல் கழித்து அதே இடத்தில் செந்நிறமாக ஒரு கட்டி. பிறகு மணிக்கட்டில், முன்கையில் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிகள் ஏறின. சவுரியம்மாள் அதைப் பெருநோய் என்றே நினைத்தாள். அவள் அப்பா பெருநோயில் விரல்களை இழந்து செத்தவர்.

ஆஸ்பத்திரி டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, கட்டிமேல் கோழி இறகால் தடவினார். வெந்நீர்க் குப்பியை வைத்தார். எல்லாம் அவளுக்கு உறைத்தது.

"இது பெருநோய் இல்லம்மா. ஆனா இன்னதுன்னு எனக்கும் சொல்லத் தெரியல."

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவள் மனசில் நின்றது.

"புள்ளய உங்க அக்காகிட்ட இட்டுக்கினு போயிடுங்க," என்றாள் மாசிலாமணியிடம்.

"டாக்டரே இல்லன்றாரு, சவுரி!"

"அவருக்குத் தெரியாதுன்னும் சொன்னாரே."

கடல்மீனின் உடம்பில் வாழும் ஒரு கிருமி அது. காசநோய்க் கிருமியின் இனம். ரொம்ப நிதானமாக வளரும். உடம்பின் உள்சூடு அதற்கு ஆகாது. அதனால் குளிர்ந்த கைத்தோலிலேயே தங்கிவிடும். ஒருவர் தொட்டு இன்னொருவருக்கு ஒட்டாது. இதெல்லாம் மருத்துவர்களுக்குத் தெளிவானது பின்னாளில்தான்.

விழுப்புரத்தில் நாத்தனார் சின்னபொண்ணு குழந்தையை வளர்த்தாள். சவுரியம்மாள் மாதம் ஒருமுறை போய், தெருவில் நின்றபடியே பார்ப்பாள். ராஜாமணி நடக்கக் கற்று அவளிடம் ஓடிவந்தபோது, பின்வாங்கிக்கொண்டே, "கிட்ட வராதடி கண்ணு!" என்று கத்தினாள். குழந்தை மிரண்டு அத்தையின் புடவைக்குள் முகத்தைப் புதைத்தது. திரும்பும் ரயிலில் சவுரியம்மாள் கையை முந்தானையில் சுருட்டி வைத்துக்கொண்டு அழுதாள்.

மருந்து எதுவும் இல்லாமலே, இரண்டு மழைக்காலம் தாண்டி, கட்டிகள் வற்றித் தழும்பாகின. சவுரியம்மாள் மார்க்கெட்டை விட்டு விழுப்புரத்துக்கே குடிவந்தாள். ஸ்டேஷன் வாசலில் மல்லாட்டைக் கடலை வறுத்து விற்றாள். மகளுக்குத் தலை சீவினாள், கேப்பைக்கூழ் ஊட்டினாள். ராஜாமணி மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டிலிருந்த அத்தை சின்னபொண்ணிடம் போய்ப் படுத்துக்கொள்வாள்.

சுதந்திரம் வந்து இரண்டாம் வருஷம் ராஜாமணிக்குத் தலைப்பிரசவம். மருத்துவச்சி அருகில் சவுரியம்மாள்தான் இருந்தாள். வலி முற்றியபோது பெண், "அத்தே... அத்தே..." என்று அலறினாள்.

சவுரியம்மாள் வெளியே வந்தாள். வாசலில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த நாத்தனாரின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க போங்க. புள்ள உங்களத்தான் கூப்புடுது."

"நீ பெத்தவடி, நீ இரு."

"ஜல்தி போங்கக்கா."

சின்னபொண்ணு உள்ளே போனாள். அலறல் கொஞ்சம் தணிந்தது. சவுரியம்மாள் கதவோரம் நின்று, உள்ளே அத்தை பேசும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.