பெரிய தோட்டா, சின்னத் தோட்டா

டெக்சாஸில் நான் ஆடு மேய்த்த பண்ணையில் சம்பளத்தோடு மூன்று சலுகைகள் உண்டு. ஒரு பழைய டிரெய்லர் வீடு, கிணற்றுத் தண்ணீர், வருஷத்துக்கு இரண்டு மான் சுடும் உரிமை. மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு மானை உரித்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கறிக்குக் கவலையில்லை. கடை நாற்பது மைல் தள்ளி இருந்தது. என் வண்டி நல்ல நாட்களில் முப்பது மைல் ஓடும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவன். அதன் பிறகு கப்பல் சமையற்கட்டு, மஸ்கட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கு, கடைசியில் அக்கா ஸ்பான்சர் செய்த கிரீன் கார்டில் அமெரிக்காவின் பிஸ்கட்டவே என்ற ஊர். அக்கா வீட்டு பேஸ்மென்ட்டில் பத்து மாதம் இருந்தேன். பிறந்தநாள் விருந்துகளில் எல்லோரும் என்னிடம் எந்த கம்பெனி என்று கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் டெக்சாஸுக்குப் பஸ் ஏறிவிட்டேன். மஸ்கட்டிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே பொருள் வலது தோளின் காறையெலும்பு. மீன் பெட்டி விழுந்து உடைந்து, கொஞ்சம் கோணலாக ஒட்டிக்கொண்டது. மழை வருவதற்கு முன் வலித்துச் சொல்லும். மற்றபடி தொந்தரவில்லை.

துப்பாக்கி என்னுடையது அல்ல. பக்கத்து ஊரில் பெட்ரோல் பங்க் நடத்திய பாளையங்கோட்டை அண்ணாச்சி இரவல் கொடுத்தார். அதற்கான தோட்டாவின் பெயர் தர்ட்டி ஆட் சிக்ஸ். அந்த 'ஆட்' என்பது பூஜ்யம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆடு மேய்ப்பவன் காதில் அது ஆடு என்றுதான் விழுந்தது. ஆட்டைச் சுடும் தோட்டா மானுக்குப் போதுமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, யானை தவிர எல்லாவற்றுக்கும் போதும் என்றார்.

முதல் வருஷம் அதை வைத்துச் சுட்டேன். மான் பக்கவாட்டில் நின்றது, தூரமும் அதிகமில்லை. விசையை இழுக்கும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டேன் என்பது எனக்கே தெரியாது. துப்பாக்கிக் கட்டை தோளில் இடித்ததும் கண் திறந்தேன். மான் முதுகை வளைத்துக்கொண்டு புதருக்குள் போனது. வயிற்றில் பட்டிருந்தது. அன்று முழுக்கத் தேடினேன். மறுநாள் பண்ணைக்காரக் கிழவரும் சேர்ந்து தேடினார். அவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல், ஒரு முழங்கால் இரும்பு. மூன்றாம் நாள் கழுகுகள் கண்டுபிடித்தன.

கிழவர் கோபப்படவில்லை. "சுடத் தெரிந்தால் சுடு. இன்னொன்று இப்படிப் போனால் என் நிலத்தில் உனக்கு வேட்டை கிடையாது" என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவித்த பயறு தின்றேன்.

அடுத்த வேட்டைப் பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது கிழவர் தன் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு துப்பாக்கியை இறக்கிக்கொண்டு வந்தார். இறந்துபோன மனைவியுடையது. அதன் தோட்டா டூ ஃபார்ட்டி த்ரீ. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சியும் அவர் மனைவியும் சர்ச் முடிந்து அப்படியே வந்திருந்தார்கள். மதினி ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் டிரெய்லருக்கு வெளியே பிளாஸ்டிக் மேசையில் இரண்டு தோட்டாக்களையும் நிற்க வைத்தோம். பெரியது என் நடுவிரல் நீளம். சின்னது ஒரு கணு குறைவு. பெரியதன் முனையில் ஈயம் தடிமனாக இருந்தது. சின்னதன் முனை பென்சில் போல இருந்தது.

"இது என்னலே, லிப்ஸ்டிக் மாதிரி இருக்கு" என்றார் அண்ணாச்சி. "இதெல்லாம் பொம்பளைங்க சுடுதது."

"அப்ப எங்கிட்ட குடுங்க, நான் சுடுதேன்" என்றாள் மதினி. "நீங்க போன தடவ கொண்டாந்தியளே, அதுல நெஞ்செலும்பே இல்ல. ஒரு பக்க முன்னந்தொட முழுக்க ரத்தம் கட்டிப் போயிருக்கு. கழுவக் கழுவப் போவல. ஈரல் எங்கன்னு தேடுனேன், அதயும் சேத்துல்லா சுட்டிருக்கிய."

"ஏட்டி, ஈரலுக்காகவா வேட்டைக்குப் போறோம்?"

"பின்ன எதுக்குப் போறிய? சும்மா நிக்கவா?"

இந்த நேரத்தில் மதினியின் போன் அடித்தது. பாளையங்கோட்டையிலிருந்து அவள் அம்மா. என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அம்மா கேட்டிருக்க வேண்டும். "ஆட்டுக்கறியப் பத்தி" என்றாள் மதினி. எங்கள் மூவரிடமும் லைசென்ஸ் இருந்தது, சுட்ட மானின் காலில் கட்டும் டேக் சீட்டும் இருந்தது. இங்கிலீஷில் டீர் என்று உரக்கத்தான் பேசினோம். மான் என்று தமிழில் சொல்ல வரும்போது மட்டும் குரல் தானாக இறங்கியது. ஊரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் போலீஸ் வரும்.

கிழவருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. அவர் மேசையிலிருந்த பெரிய தோட்டாவை எடுத்தார். ஐம்பது அடி தள்ளி ஒரு காகிதத் தட்டை மண்மேட்டில் குத்தி வைத்திருந்தார். அண்ணாச்சியின் துப்பாக்கியில் அவரே தோட்டா போட்டு என் கையில் கொடுத்தார். சுட்டேன். தட்டின் ஓரத்தில் பட்டது. மறுபடி போட்டுக் கொடுத்தார். தட்டில் படவில்லை. மூன்றாவது முறையும் கொடுத்தார். விசையை இழுத்தேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே தோட்டா இல்லை. ஆனால் துப்பாக்கியின் முனை ஒரு சாண் கீழே குத்தி நின்றது. என் தோள் முன்னால் பாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. வராத இடிக்கு நான் முழுசாகத் தயாராகியிருந்தேன்.

பிறகு மதினி சொன்னாள்.

"எங்க வார்டுல உண்டு. பஞ்சு வச்சு தொடைக்கும்போதே 'அம்மா'ன்னு கத்துவானுவ. ஊசி இன்னும் டிரேயிலதான் இருக்கும்."

"தோள்பட்ட உடஞ்சவன் மதினி நான்."

"அதாம்ல சொல்லுதேன். ஒடம்பு மறக்காது. நீ வீரம் பேசி ஒண்ணும் ஆவப் போறதில்ல."

அண்ணாச்சிக்கு மட்டும் மனசில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "சின்னத் தோட்டா எலும்புல பட்டா உள்ள போவாதுலே. மான் உனக்கு போட்டோவுக்கு நிக்கித மாதிரி சைடுல நிக்குமா? பெருசுன்னா எப்படி நின்னாலும் அடிச்சிரலாம்."

நான் இதைக் கிழவருக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் சொல்வது சரிதான் என்றார். சின்னதை வைத்திருப்பவன் நூறு அடிக்குள், பக்கவாட்டில், முன்னங்காலுக்குப் பின்னால் மட்டும் சுட வேண்டும். வேறு எப்படி நின்றாலும் விரலை எடுத்துவிட வேண்டும். "பெரிய தோட்டாவைக் குருடன் சுடுவதைவிட இது மேல்" என்றும் சொன்னார். குருடன் யார் என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார்.

அண்ணாச்சியின் துப்பாக்கியை அன்றே அவர் வண்டியில் ஏற்றிவிட்டேன். இரண்டு வாரமும் ஆடுகளைப் பட்டியில் விட்டபின் தினம் பத்துத் தோட்டா சுட்டேன். கிழவர் நடுநடுவே காலித் துப்பாக்கியைக் கொடுத்து ஏமாற்றினார். முதல் வாரம் முனை இரண்டு விரல் இறங்கியது. இரண்டாம் வாரம் இறங்கவில்லை.

பருவம் தொடங்கிய முதல் காலையில் கொம்புள்ள பெரிய கிடா மான் வந்தது. மானை வரவழைக்கச் சோளம் தூவும் டப்பாவுக்கு முன்னால், நான் இருந்த பரணைப் பார்த்து நின்றது. நேர்முகமாக. நான் காத்திருந்தேன். அது நின்ற நிலையிலேயே பொறுமையாகச் சோளத்தைத் தின்று முடித்தது, திரும்பியது, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போனது. பக்கவாட்டில் ஒரு கணம் இருந்திருக்கும். அந்தக் கணத்தில் இடையே ஒரு முள்செடி இருந்தது.

போனில் சொன்னேன். "பாத்துட்டே இருந்தியா? அது என்ன, படமா ஓடுது?" என்றார் அண்ணாச்சி. "பெருசு இருந்தா இப்போ கறி வெட்டிக்கிட்டிருப்ப."

அதன் பிறகு எட்டுக் காலைகள். ஒருநாள் தூரம், ஒருநாள் மூடுபனி, ஒருநாள் இரண்டு மான்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றன, சுட்டால் இரண்டிலும் படும். மற்ற நாட்களில் பன்றிகள் வந்து சோளத்தைக் காலி செய்தன. ஃப்ரீசரில் ஐஸ் மட்டும் இருந்தது. பெரிய தோட்டாவை நான் நினைக்கவே இல்லை என்றால் பொய். அண்ணாச்சிக்கு ஒரு போன் போதும். மத்தியானத்துக்குள் கொண்டுவந்து கொடுத்திருப்பார்.

பத்தாவது காலை ஒரு பெட்டை மான் வந்தது. எண்பது அடி. பக்கவாட்டில் நின்று காதை ஆட்டியது. சுட்டேன். சத்தம் கேட்டதாகவோ தோள் அசைந்ததாகவோ நினைவில்லை. மான் பின்னங்காலை உதைத்ததைப் பார்த்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதாவது கண் திறந்திருந்தது. அது தேவதாருப் புதருக்குள் ஓடி மறைந்தது.

உடனே பின்னால் போகக் கூடாது, அரைமணி நேரம் விட வேண்டும் என்று கிழவர் சொல்லியிருந்தார். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போன வருஷத்து மானும் இப்படித்தான் புதருக்குள் போனது. பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தேன். நின்ற இடத்தில் ரத்தம் இல்லை. பத்து அடி தள்ளி ஒரு சொட்டு. அதற்கப்புறம் ஒரு புல்லில் இளஞ்சிவப்பாக, நுரையோடு. நுரை என்றால் நுரையீரல். குனிந்தபடியே போனேன். புதரின் மறுபக்கத்தில், மொத்தம் நாற்பது அடிகூட இருக்காது, தலையை முன்னங்கால் மேல் வைத்துக் கிடந்தது.

வெடிச்சத்தம் கேட்டுக் கிழவர் இரும்பு முழங்காலோடு வந்து சேர்ந்தார். மானைப் புரட்டி, இரண்டு பக்கத்துத் துளையையும் பார்த்தார். அவற்றில் விரலை வைத்து அளந்தார். "எவ்வளவு நேரம் தேடினாய்?" என்றார். "ஐந்து நிமிஷம்" என்றேன்.

டேக்கில் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்துக் குறிக்க வேண்டும். அது அங்குள்ள சட்டம். நான் கத்தியை எடுத்தேன். அது இரண்டு முறை வழுக்கியது. தேதிக்குப் பதிலாகக் கட்டைவிரலை வெட்டிக்கொள்ளப் பார்த்தேன். கிழவர் டேக்கையும் கத்தியையும் வாங்கி, தானே வெட்டி, மானின் காலில் கட்டினார்.

"அடுத்த மானுக்கு நீயே வெட்டிக்கொள்" என்றார்.