விருந்தாளி நிற்கும் நாளில் வெடி இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மதுரங்குளிச் சந்தியில் நானும் மனைவி ஜெசீமாவும் பஸ் ஏறினோம். புத்தளத்துக்கு ஆளுக்குத் தொண்ணூறு ரூபாய். என் ரயர் ஒட்டும் கடையைப் பூட்டிய பிறகும் திரும்பிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கட்டாரில் வேலை செய்யும் மகன் போனிலேயே எங்களுக்கு அறை பிடித்துக் காசும் கட்டியிருந்தான். எலுவன்குளத்துக்கு அப்பால், வில்பத்துக் காட்டோரத்தில், ஊர்ச்சனமும் கொழும்புக்காரர் ஒருவரும் சேர்ந்து நடத்தும் தங்குமிடம். ஓர் இரவுக்குப் பதினெட்டாயிரம். அவ்வளவு காசுக்கு யானை வராவிட்டால் என்ன செய்வது என்று ஜெசீமா கேட்டாள். வந்தால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

புத்தளத்தில் பஸ் மாறினோம். வண்ணாத்திவில்லு தாண்டியதும் கடைகள் குறைந்து மரமுந்திரிகைத் தோட்டங்கள் வந்தன, பிறகு முள்ளுப்பற்றை. எலுவன்குளத்தில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். ஆறு கிலோமீற்றர், ஆயிரத்திருநூறு ரூபாய். வழி நெடுகப் பச்சையும் காய்ந்ததுமாக யானை விட்டை கிடந்தது. இப்போது யானை குறுக்கே வந்தால் ஓட்டோவைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று ஓட்டோக்காரரிடம் கேட்டேன். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் கேட்டேன்.

"நானா, யானை உங்களத் தின்னாது. அது மரக்கறி மட்டும்தான்" என்றார் அவர். ஜெசீமா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மண்சுவர் வைத்து இலுக்குப் புல் வேய்ந்த ஐந்து குடில்கள். முன்னால் குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் காடு. கடல் மேற்கே கொஞ்சத் தூரத்தில்தான் என்றார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை, உதட்டில் மட்டும் உப்புக் கரித்தது. ஊரில் எட்டுக் குடும்பங்கள். மூத்தாப்பாமார் காலத்திலிருந்து அந்தக் காட்டோரத்திலேயே தேன் எடுத்தும் குளத்தில் மீன் பிடித்தும் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தும் இருந்தவர்கள். முறை வைத்து விருந்தாளிகளைக் கவனிக்கிறார்கள். அன்றைய முறை முபாரக்குக்கும் அவர் மனைவி ரம்சியாவுக்கும். எங்களைத் தவிர ஒரு வெள்ளைக்கார இளம் சோடியும் தங்கியிருந்தது. சிவப்பரிசிச் சோறு, குளத்து மீன், தாமரைக்கிழங்குக் கறி. சாப்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மூன்று மணிக்கு முபாரக் தன் தோட்டத்தைக் காட்டக் கூட்டிப்போனார். குளக்கட்டை ஒட்டி முக்கால் ஏக்கர், முழுக்க வத்தகப்பழம். கொடிக்குக் கீழே வைக்கோல் போட்டு ஒவ்வொரு காயையும் பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கிடத்தியிருந்தார். புதன்கிழமை லொறி வரும் என்றார்.

இன்றைக்கே வெட்டி வீட்டுக்குள் வைத்தால் என்ன என்று கேட்டேன். எனக்கு எதையும் நாளைக்கென்று விட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவர் ஒரு காயை விரலால் தட்டிக் காட்டினார். உள்ளே சிவக்க இன்னும் இரண்டு நாள் வேண்டுமாம். வெள்ளைக் காயை யாரும் எடுக்க மாட்டார்களாம்.

திரும்பி வந்தபோது ஜெசீமா குசினியில் ரம்சியாவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். ரம்சியாவின் மடியில் மூன்று வயது மகள் ஹைபா. பிறகு குடிலுக்கு வந்து ஜெசீமா எனக்குச் சொன்னாள்: ரம்சியாவின் பாஸ்போட் எடுத்தாயிற்று. குவைத்துக்கு ஆள் அனுப்புகிற புத்தளத்து ஏஜென்சி இந்த வாரம் முடிவு கேட்டிருக்கிறது. போன போகம் நெல்லை யானை தின்றது. இந்தப் பழம் ஒழுங்காக லொறி ஏறினால் அவள் போகத் தேவையில்லை. ஏறாவிட்டால் பிள்ளையை விட்டுவிட்டுப் போகவேண்டும்.

அதைக் கேட்டபின் என்னால் படுக்க முடியவில்லை. எழும்பிப் போய்த் தோட்டத்தில் முபாரக்கைப் பிடித்தேன். மரத்தில் காவல் பரண் இருந்தது, ஆள் இல்லை. யானை விரட்டும் வெடி ஒரு பெட்டி நிறைய வீட்டில் இருப்பதாகச் சொன்னார். இரவு யார் காவல் என்று கேட்டேன்.

"இண்டைக்கு ஒருத்தரும் இல்ல நானா. கெஸ்ட் நிக்கிற நாளில வெடி கொளுத்தேலா. டோச்சும் அடிக்கேலா. அது எங்கட சட்டம்."

இந்தத் தங்குமிடத்துக்குச் சனம் வருவதே குளத்துக்கு வரும் யானையைப் பார்க்கத்தான். முன்பொரு தடவை யாரோ வெடி போட்டதை விருந்தாளிகள் படம் பிடித்து இன்டர்நெட்டில் எழுதிப்போட்டார்களாம், அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லையாம். அப்போது கூட்டம் கூடிச் சட்டம் வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் அதை முதலில் சொன்னவரே முபாரக்தான். அந்த நேரம் அவருடைய தோட்டம் ஊருக்குப் பின்னால் இருந்தது. அங்கே கிணறு வற்றியபிறகுதான் குளத்துப் பக்கம் வந்தார். முதலில் வாரத்துக்கு ஒரு நாள் விருந்தாளி. இப்போது வெறும் குடில் இருக்கிற நாளே குறைவு.

நாங்கள் உடனே போய்விடுகிறோம், வெடியைப் போடுங்கள் என்றேன். உண்மையாகவே பையைக் கட்டச் சொல்லி ஜெசீமாவுக்குக் குரல் கொடுத்தேன். முபாரக் என் கையைப் பிடித்தார். நாலு மணிக்குப் பிறகு அந்தப் பாதையில் ஓட்டோ வராது. போனாலும் வெள்ளைக்காரச் சோடி இருக்கிறது.

"அவங்களிட்டச் சொல்லிப் பாருங்களன். நல்ல பிள்ளைகள் போலத்தானே தெரியுது."

"சொன்னா வெளங்கும் நானா. வெளங்கி, பாவமெண்டு சொல்லி, அதையும் எழுதிப்போடுவாங்க. பொறகு யார் வாற? என்ட ஒரு தோட்டத்துக்காக எட்டு வீட்டு அடுப்ப அணைக்கேலுமா?"

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். படித்த ஆளுக்கும் அதற்குப் பதில் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை.

மாலை ஐந்தே முக்காலுக்கு முபாரக் எல்லோரையும் குளக்கட்டுக்குப் பக்கத்துப் பலகைத் தட்டில் ஏற்றி உட்காரவைத்தார். யாரும் கதைக்கக் கூடாது. சூரியன் காட்டுக்குள் இறங்கும் நேரம் முதலில் ஒரு தனியன் யானை வந்தது. பிறகு ஒரு கூட்டம், நடுவில் குட்டிகள். தண்ணீர் குடித்தன, ஒன்றையொன்று நனைத்தன. பயந்து நடுங்கிக்கொண்டிருந்த நானே கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அவ்வளவு அழகு. வெள்ளைக்காரப் பெண்ணின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

அப்புறம் தனியன் தும்பிக்கையைத் தூக்கி மோந்தது. குளக்கட்டில் ஏறியது. வேலிக் கம்பி அதற்கு நூல் மாதிரி. மற்றவையும் பின்னால் போயின. வத்தகப்பழம் மிதிபடும் சத்தம் இங்கே கேட்டது. மண் குடம் உடைவதுபோல ஒவ்வொன்றாக, பிறகு எண்ண முடியாமல்.

நான் எழும்பிவிட்டேன். கத்தவேண்டும், கை தட்டவேண்டும் என்றிருந்தது. பின்னாலிருந்து ஒரு கை என் தோளை அழுத்தி உட்காரவைத்தது. முபாரக்தான்.

"சத்தம் போடாதீங்க நானா" என்றார் காதுக்குள். "கிட்டத்தட்ட முடிஞ்சிட்டு."

குசினி வாசலில் ரம்சியா நின்றாள். ஹைபா யானையைக் காட்டி என்னவோ சொல்ல, அவள் பிள்ளையின் வாயைக் கையால் பொத்தினாள். இருட்டி யானைகள் போனபின், வெள்ளைக்காரர்கள் முபாரக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் சிரித்தார்.

காலை ஏழு மணிக்குத் தோட்டத்துக்குப் போனேன். மிதித்த சேறும் பழத்தோலும்தான். பிளந்து கிடந்ததெல்லாம் உள்ளே ரோசா நிறம். இன்னும் இரண்டு நாள் வேண்டிய நிறம். முபாரக் முழுசாக ஏதும் கிடக்கிறதா என்று கொடிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிடைத்ததை ஒரு உரப்பையில் போட்டார். பை பாதிகூட நிரம்பவில்லை.

காலைச் சாப்பாட்டில் பாணும் சம்பலும் முட்டையும் வைத்து, நடுவில் ஒரு தட்டு நிறைய வத்தகப்பழத் துண்டும் வைத்தாள் ரம்சியா. வெள்ளைக்காரப் பெண் விரும்பிச் சாப்பிட்டுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். ரம்சியா போய் எடுத்துவந்தாள். நானும் ஜெசீமாவும் அந்தத் தட்டைத் தொடவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னார் முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு வந்து நாங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் கிடந்தபோது, எங்களைப் பார்க்கவும் வண்டியில் ஆட்கள் வந்தார்கள். படம் எடுத்தார்கள், சிலர் அழுதார்கள். என் உம்மா பக்கத்துக் கொட்டிலில் சீனி வாங்கி அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. பதினெட்டாயிரம் கட்டி வந்த நானும் கெட்டவன் இல்லை. அதை வைத்து யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒன்பது மணிக்கு ஓட்டோ வந்தது. நாங்கள் ஏறியபின் ரம்சியா கறுப்பு அபாயா போட்டுக்கொண்டு, கையில் ஒரு பையோடு வந்தாள். புத்தளம் வரைக்கும் தானும் வரட்டுமா என்று கேட்டாள். ஏஜென்சிக்குத்தான். ஜெசீமா நகர்ந்து இடம் விட்டாள். ஹைபா தகப்பனின் தோளில் இருந்து கையசைத்தது. உம்மா கடைக்குப் போகிறாள் என்று சொல்லியிருப்பார்கள்.

எலுவன்குளத்தில் பஸ் ஏறி மூன்று பேரும் ஒரே சீற்றில் நெருங்கி உட்கார்ந்தோம். ஜெசீமா கலியாணத்துக்கு முந்தி நாலு வருசம் குவைத்தில் வீட்டுவேலை செய்தவள். அதை ரம்சியாவிடம் குசினியில் சொல்லியிருக்கிறாள்போல. வண்ணாத்திவில்லு வரும்போது ரம்சியா வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"ராத்தா, அங்க பிள்ளையோட போன்ல கதைக்க விடுவாங்களா?"

ஜெசீமா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சில ஊட்டுல விடுவாங்க" என்றாள்.